அறிவித்த மைலேஜும் சாலையில் கண்ட மைலேஜும்

(புனே நகரில் பணிபுரியும் தமிழ் அலுவலர்களும் பொருளியல் பயிலும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வளர்ச்சிப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் ஐந்தாண்டுத் திட்டங்கள், முதலீடு, அந்நியச் செலாவணி போன்ற பெரிய செய்திகளையே எடுத்துக்கொள்வர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய எண். புதிய கார் வாங்க எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கேட்கின்ற எண் அது: ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? விளம்பரத்தில் காணும் எண் ஒன்று. வண்டியை வாங்கி ஆறு மாதம் ஓட்டிய பின் கணக்கில் வரும் எண் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது, அதனால் குடும்பத்திற்கும் நாட்டிற்கும் நேர்வது யாது, அதனைக் குறித்து நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

இப்பொருளைப் பேசுவதற்குப் புனேயைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கோத்ரூடுக்கு அருகே, வேதாள் குன்றின்மேல், 1966ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் அமைந்திருக்கிறது. 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று நாடெங்கும் கார் வாங்குவோர் வாயில் அடிபடுகின்ற தொடர் இக்கழகத்தின் பெயரால் வந்ததே. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி ஒவ்வொரு புதிய மாதிரி வண்டியும் விற்பனைக்கு வருமுன் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்றில் சான்று பெற வேண்டும். இன்று ஹரியானாவிலுள்ள மானேசரிலும், சென்னையை அடுத்த ஒரகடத்திலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. எனினும் மக்கள் பேச்சில் நிலைத்துவிட்ட பெயர் புனேயின் பெயர்தான்.

சோதனைச் சாலையில் நடப்பது என்ன?

சான்றில் காணும் மைலேஜ், சாலையில் ஓட்டிப் பெட்ரோலை அளந்து கண்டதன்று. வண்டியைச் சுழலும் உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். சக்கரங்கள் சுழலும், வண்டி நகராது. காற்றின் எதிர்ப்பும் சக்கரங்களின் உராய்வும் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சுமையை உருளைகள் தருகின்றன. எதிரே ஒரு மின்விசிறி காற்று வீசும். ஓட்டுநர் திரையில் காணும் வேகக்கோட்டைப் பின்பற்றி ஓட்டுகிறார். வெளிப்புகையைப் பைகளில் சேகரித்து, அதிலுள்ள கரியமில வாயு முதலியவற்றை அளந்து, எரிந்த எரிபொருளின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும் என்பதால் இக்கணக்கு துல்லியமாகவே அமைகிறது.

அந்த வேகக்கோட்டிற்குத் 'திருத்திய இந்திய ஓட்டச் சுழற்சி' என்று பெயர். ஐரோப்பாவில் வழங்கிய சுழற்சியைத் தழுவி, உச்ச வேகத்தை மட்டும் மணிக்கு 90 கிலோமீட்டராகக் குறைத்து அமைக்கப்பட்டது இது. மொத்தம் 1,180 விநாடிகள். தொலைவு ஏறத்தாழ 10.6 கிலோமீட்டர். முதற்பகுதி நகர ஓட்டம்: 195 விநாடி கொண்ட ஒரே ஓட்டம் நான்கு முறை திரும்ப வரும், வேகம் 50ஐத் தாண்டாது. இரண்டாம் பகுதி 400 விநாடி நீளும் புறநகர் ஓட்டம்.

சாலையில் ஓட்டிப் பார்க்காமல் அறைக்குள் சோதிப்பது ஏன் என்று கேட்கலாம். சாலையில் காற்று வீசும் திசை மாறும், நெரிசல் மாறும், வெயில் மாறும். திங்களன்று ஒரு வண்டியையும் செவ்வாயன்று மற்றொன்றையும் சாலையில் சோதித்தால், வேறுபாடு வண்டிகளால் வந்ததா, நாட்களால் வந்ததா என்று கூற இயலாது. அறைக்குள் நடக்கும் சோதனையை எத்தனை முறை வேண்டுமாயினும் அதே நிலையில் திரும்பச் செய்யலாம். இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதற்கு அது நல்ல அளவுகோல். ஆனால், உங்கள் வீட்டு வண்டி உங்கள் தெருவில் என்ன தரும் என்று கூறுவதற்காக அது அமைக்கப்படவில்லை. ஒப்பிடும் அளவுகோல் வாக்குறுதியாக விளம்பரத்தில் மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, நகர ஓட்டம். சோதனைத் தொலைவில் நகரப் பகுதியின் பங்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு 38 மட்டுமே. எஞ்சிய 62 விழுக்காடு, நின்று நின்று போகாத புறநகர் ஓட்டம். கோத்ரூடிலிருந்து ஹிஞ்சவாடிக்கு அன்றாடம் சென்று திரும்பும் ஒருவருக்கு இந்த விகிதம் தலைகீழாக இருக்கும். 2024ஆம் ஆண்டிற்கான டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணக்கின்படி, புனேயில் 10 கிலோமீட்டர் கடக்க சராசரியாக 33 நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். எஞ்சினை நிறுத்தாமல் நின்றிருக்கும் கார் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். அந்நேரத்தில் மைலேஜ் சுழியம்.

இரண்டாவது, வேகம் கூட்டும் முறை. சோதனையில் வண்டி நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. ஸ்வார்கேட் நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தபின் யாரேனும் அவ்வளவு நிதானமாகப் புறப்பட்டால், பின்னால் நிற்போர் ஹாரன் அடித்தே அவரை விரட்டிவிடுவர். சக்கரத்தில் விரைந்து ஏற்றிய வேகத்தை அடுத்த சிக்னலில் பிரேக் போட்டு வெப்பமாக வீணாக்குகிறோம். வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு இழப்பு.

மூன்றாவது, குளிர்சாதனம். நம் சோதனைச் சுழற்சி ஏ.சி.யை நிறுத்திவைத்தே ஓட்டப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. இல்லாமல் குடும்பத்துடன் காரில் செல்வோர் இன்று அரிது.

நான்காவது, உயர் வேகம். சோதனை 90க்கு மேல் ஒரு விநாடியும் செல்வதில்லை. புனே–மும்பை விரைவுச் சாலையில் சமவெளிப் பகுதியில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 100. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி வளரும். 90லிருந்து 100க்குச் சென்றால் அது ஏறத்தாழ 23 விழுக்காடு கூடும். சட்டத்தை மீறி 120க்குச் சென்றால் 78 விழுக்காடு கூடும்.

ஐந்தாவது, ஏற்றம். சோதனை உருளைகளில் மலை இல்லை. கொப்போலியிலிருந்து கண்டாலா வரை போர் கணவாயில் ஏறும் உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். ஐந்து பேரும் அவர்தம் பெட்டிகளும் சேர்ந்து இரண்டு டன் எடையுள்ள எஸ்.யு.வி. ஒன்றை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 98 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் 320 லட்சம் ஜூல். அதில் சக்கரத்திற்கு வந்து சேர்வது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. ஆக, மலையேறுவதற்கென்றே ஒரு லிட்டர் தனியாகச் செலவாகிறது. இறங்கும்போது இதில் ஒரு பகுதியே மீளும்.

ஆறாவது, எரிபொருள். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு, தானிய விவசாயிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் நன்மை உண்டு. ஆயினும் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கையே, இக்கலப்பிற்கென அமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடும், இதற்கென இசைவு செய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 விழுக்காடும் சிக்கனம் குறையலாம் என மதிப்பிட்டது.

குடும்ப எஸ்.யு.வி.க்கு ஏன் கூடுதல் சுமை?

மேற்கூறிய காரணங்கள் எல்லா வண்டிகளுக்கும் பொதுவானவை. ஆனால் உயரமும் அகலமும் எடையும் மிகுந்த வண்டியில் ஒவ்வொன்றும் பெரிதாக வேலை செய்யும். முகப்பு அகன்றிருப்பதால் காற்று அதிகம் தடுக்கும். எடை மிகுந்திருப்பதால் நெரிசலிலும் ஏற்றத்திலும் இழப்பு கூடும். அறை பெரிதாகையால் ஏ.சி.யின் உழைப்பு மிகும். ஏழு பேர் அமரும் வண்டியை ஏழு பேருடன் யாரும் சோதிப்பதில்லை. 2023-24ஆம் ஆண்டில் நாட்டில் விற்ற ஏறத்தாழ 42 லட்சம் பயணியர் ஊர்திகளில் 25 லட்சத்திற்கு மேற்பட்டவை எஸ்.யு.வி. முதலிய பயன்பாட்டு ஊர்திகளே. ஆகவே இது சிலரைப் பற்றிய பேச்சாக இனி இருக்க இயலாது.

கணக்கைச் சரியாகப் போடுவோம்

மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறு பயிற்சி. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு நம்மை ஏமாற்றும் இயல்புடையது. 20 கிலோமீட்டர் தரும் சிறிய காரை 24 ஆக உயர்த்துவதும், 10 தரும் பெரிய வண்டியை 12 ஆக உயர்த்துவதும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது 4 கிலோமீட்டர் உயர்வு. பின்னது 2 தான். ஆனால் 1,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் முன்னது மிச்சப்படுத்துவது 8.3 லிட்டர், பின்னது 16.7 லிட்டர். செலவைக் காட்டும் அளவு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதே.

விளம்பரத்தில் 18 என்று கூறிய வண்டி ஒன்று நகரில் 12 தருகிறது என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் 667 லிட்டர் செலவாகும் என எண்ணி வாங்கும். உண்மையில் 1,000 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டாலும் ஆண்டுக்கு 33,000 ரூபாய் வேறுபாடு. மாதத் தவணையை 18ஐ நம்பி வகுத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

நாட்டுக் கணக்கில் என்ன நேர்கிறது?

நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் எட்டில் ஏழு பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம். 2023-24ஆம் ஆண்டில் நாடு செலவிட்ட பெட்ரோல் 372 லட்சம் டன். ஆண்டொன்றில் விற்கும் 25 லட்சம் பயன்பாட்டு ஊர்திகள் ஒவ்வொன்றும் எதிர்பார்த்ததைவிட 100 லிட்டர் மட்டுமே கூடுதலாகக் குடித்தாலும், ஆண்டுதோறும் 25 கோடி லிட்டர் கூடுதல் தேவை பிறக்கிறது. அவ்வண்டிகள் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். அடுத்த ஆண்டு விற்பவை அவற்றோடு சேரும்.

ஆற்றல் சேமிப்புச் சட்டம், 2001இன் கீழ், கார் நிறுவனங்கள் விற்கும் வண்டிகளின் சராசரி எரிபொருட் செலவிற்கு அரசு வரம்பு விதித்துள்ளது. 2017-18 முதல் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்றும், 2022-23 முதல் 113 கிராம் என்றும் அவ்வரம்பு அமைந்தது. 113 கிராம் என்பது பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகும். இது நல்ல சட்டம்; வண்டிகளைச் சிக்கனமாக்கியிருக்கிறது. ஆனால் இவ்வரம்பு அளக்கப்படுவது அதே சோதனை உருளைகளின் மேல்தான். சோதனை மைலேஜ் பத்து விழுக்காடு உயர்ந்து, சாலை மைலேஜ் நான்கு விழுக்காடே உயர்ந்தால், எஞ்சிய ஆறு விழுக்காடு சேமிப்பு கோப்பில் மட்டுமே இருக்கும். எண்ணெய்க் கப்பல் கோப்பைப் பார்த்து வருவதில்லை.

இது வெறும் ஐயமன்று, ஐரோப்பாவில் நடந்தது. பழைய சுழற்சி அங்கே வழக்கிலிருந்தபோது, சாலையில் ஆகும் செலவு சோதனையில் கண்டதைவிட 2001இல் பத்து விழுக்காட்டிற்குள்தான் மிகுந்திருந்தது. 2015ஆம் ஆண்டிற்குள் அவ்வேறுபாடு நாற்பது விழுக்காட்டை எட்டிவிட்டதாக ஆய்வுகள் காட்டின. வேறுபாடு இருப்பதைவிட, ஆண்டுதோறும் வளர்ந்ததுதான் கொள்கை வகுப்போரை விழிக்கச் செய்தது. மாறாத வேறுபாட்டைக் கழித்துக்கொண்டு திட்டமிடலாம். அளக்கப்படாமல் வளரும் வேறுபாட்டை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட இயலாது.

பிற நாடுகள் கண்ட வழி

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1985 மாதிரி வண்டிகள் முதற்கொண்டு, சோதனையில் வந்த நகர மைலேஜில் 10 விழுக்காட்டையும் நெடுஞ்சாலை மைலேஜில் 22 விழுக்காட்டையும் தானே கழித்து, மீதியை மட்டும் வண்டியின் அட்டையில் அச்சிடச் செய்தது. 2008 மாதிரிகள் முதல், உயர் வேகம், ஏ.சி., கடுங்குளிர் ஆகியவற்றையும் சோதனையில் சேர்த்தது. நகருக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண் என இரண்டும் அங்கே அட்டையில் இருக்கும்.

ஐரோப்பா 2017இல் புதிய உலகச் சுழற்சிக்கு மாறியது. அது 1,800 விநாடி நீளும். 23 கிலோமீட்டர் ஓடும். வேகம் 131 வரை செல்லும். அத்துடன் அமையாது, 2021 முதல் புதிய கார்களில் உண்மையில் எரிந்த எரிபொருளைப் பதியும் கருவியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பதிவுகளை வைத்து 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பெட்ரோல், டீசல் கார்களின் சாலைச் செலவு புதிய சோதனை அளவைக் காட்டிலும் இன்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதி என்று கூறியது. சோதனையை எவ்வளவு திருத்தினாலும் வேறுபாடு முற்றிலும் மறையாது என்பதும், சாலையில் நேரடியாக அளப்பதற்கு மாற்று இல்லை என்பதும் இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களின் நச்சுப்புகையைச் சாலையில் ஓட்டியே சோதிக்கும் முறை வந்துவிட்டது. வண்டியின் பின்புறம் பொருத்தும் அளவுக்கருவி, கரியமில வாயுவையும் சேர்த்தே அளக்க வல்லது. ஆகவே, சாலை அளவு நம்மால் இயலாது என்று கூறுவதற்கு இடமில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நகர ஓட்டம், புறநகர் ஓட்டம் ஆகிய இரண்டிற்கும் தனித்தனி எண்களை, நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற அளவிலும் சேர்த்து, விளம்பரத்திலும் விற்பனைக் கூடத்திலும் வெளியிட வேண்டும். சோதனை இப்போதும் இரு பகுதிகளாகவே நடக்கிறது என்பதால், இதற்குப் புதிய செலவு பெரிதாக இராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைக் குற்றமாகக் கொள்கிறது. சோதனையின் நிலைகளைக் கூறாமல் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது அச்சட்டத்தின் நோக்கத்திற்கு ஒத்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இங்கு வந்திருக்கும் அலுவலர்களுக்குரியது. நாட்டின் ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் வண்டிக்கு லாக் புத்தகம் இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் நிரப்பினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பவற்றை ஓட்டுநர் எழுதி, அதிகாரி கையொப்பமிடுகிறார். தணிக்கை முடிந்ததும் அப்புத்தகம் அலமாரிக்குச் சென்றுவிடுகிறது. அக்குறிப்புகளை வண்டி மாதிரிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தொகுத்தால், வேறு எந்த ஆய்வும் தர இயலாத சாலை மைலேஜ்க் கணக்கு நமக்குக் கிட்டும். குறிப்புகளை உண்மையாக எழுதுவது மட்டுமே அதற்கு நாம் தர வேண்டிய விலை.

மூன்றாவது, மாணவர்களுக்குரியது. இந்நகரிலுள்ள கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தில் டி. ஆர். காட்கில் அவர்கள் 1930களிலேயே பம்பாய் மாகாணத்தின் ஆறு மாவட்டங்களில் மோட்டார் பேருந்துப் போக்குவரத்தை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். களத்திற்குச் சென்று எண்ணும் அம்மரபு உங்களுக்கு உரிய சொத்து. உங்கள் வீட்டு வண்டியிலிருந்தே தொடங்கலாம். ஒரே பெட்ரோல் நிலையத்தில், குழாய் தானே நிற்கும் வரை நிரப்புங்கள். அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, இடையே ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு முறை போதாது; ஐந்தாறு முறை நிரப்பிச் சராசரி காணுங்கள். வண்டியின் திரை காட்டும் எண்ணை அதனோடு ஒப்பிடுங்கள். நூறு வீடுகளில் இவ்வாறு செய்தால் அது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை.

இறுதியாக, ஓட்டுவோர் கையிலும் ஒரு பகுதி இருக்கிறது. டயர்க் காற்றைச் சரிபார்த்தல், சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது எஞ்சினை நிறுத்துதல், நெடுஞ்சாலையில் 80ஐ ஒட்டிச் செல்லுதல் ஆகியவை எளியவை. ஆனால் அளவுகோலைத் திருத்தும் பொறுப்பை ஓட்டுபவர்மேல் சுமத்திவிட்டு அமைதல் முறையாகாது. குன்றின்மேல் அளக்கும் எண்ணும் குன்றின்கீழ்ச் சாலையில் அளக்கும் எண்ணும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து அச்சாகும் நாளில், குடும்பமும் திட்டமிடுவோரும் ஒரே கணக்கைப் பார்த்து முடிவெடுப்பர். அந்நாளை விரைந்து கொணர இங்குள்ள அனைவரும் தத்தம் அளவில் உழைக்க வேண்டும்.